ஆறாயிரம் வேகத்தில் ஓர் அழுகை

பாவடித் தெரு அர்த்தநாரி வீட்டு ஹாலில் அந்தக் குக்கர் விசில் கேட்டபோது மரகதம் இன்னும் அரிசியே களையவில்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள், அடுப்பு சும்மா கிடந்தது, குக்கர் கவிழ்த்துவைத்த இடத்தில் கவிழ்ந்தே இருந்தது, சரி பக்கத்து வீட்டில் அடித்திருக்கும் என்று அரிசியைக் களைந்து வைத்தாள், அரை மணி நேரம் கழித்து அதே விசில் அதே இழுப்போடு நடுவில் ஒருமுறை விக்கி அடித்தது. மூன்று நாள் இப்படியே நடந்தது. நாலாம் நாள் புருஷனிடம், "ஏனுங், நம்ம ஹால்ல எல்லாச் சத்தமும் ஒருக்கா முன்னாலயே வந்துட்டுப் போகுதுங்" என்றாள். அர்த்தநாரி ஆறு விசைத்தறி வைத்திருப்பவர், இருபத்தைந்து வருஷமாகத் தறிச் சத்தத்திலேயே கிடந்து காது பாதி மந்தம், "வந்தா வந்துட்டுப் போகுது, எனக்கு ரெண்டு தடவ கேட்டாத்தான் வெளங்குது" என்று சாப்பிட உட்கார்ந்தார்.

அந்த ஹாலில் புதிதாக வந்திருந்தது ஒன்றே ஒன்றுதான், மகள் தாரணியின் கம்ப்யூட்டர். தாரணிக்கு இருபத்தொரு வயது, கல்லூரி முடித்தாயிற்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு சேர்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுவாள், ஆடி ஜெயிப்பாள், ஜெயித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வந்து தோசை கேட்பாள். ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து அவளே பூட்டிய கம்ப்யூட்டர் அது. கடைசியாக ரேம் என்கிற நினைவகப் பட்டை வாங்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டில் இம்தியாஸ் கடைக்குப் போனாள். விரல் நீளத்துக்கு இரண்டு பட்டைகள், ரகத்துக்கு ரகம் வேகம்தான் வித்தியாசம், எந்த வேகம் என்று தேர்ந்தெடுப்பதற்குள் அரைநாள் போய்விட்டது.

"நாலாயிரத்து எண்ணூறுலருந்து இருக்குதுண்ணா. அஞ்சாயிரத்து அறநூறு, ஆறாயிரம், ஆறாயிரத்து நானூறு, அப்படியே எட்டாயிரம் வரைக்கும் போகும்" என்றார் இம்தியாஸ். "கேம் ஆடறதுக்கு ஆறாயிரம்தான் சரியான எடம். அதுக்கு மேல போறது பேருக்குத்தான்."

அர்த்தநாரிக்கு வேகம் என்றால் தறிதான் தெரியும். "தறிய ரொம்ப வேகமா ஓட்டுனா இழை அந்துபோகும். இதுல எது அந்துபோகும்?"

"இதுல ஒன்னும் அந்துபோகாதுண்ணா" என்று சிரித்தார் இம்தியாஸ்.

ஆறாயிரம் வாங்கினார்கள். ஆனால் பெட்டியில் ஆறாயிரம் என்று அச்சடித்திருந்தாலும், உள்ளே அமைப்புப் பக்கத்துக்குப் போய் நாம் ஒருமுறை முடுக்கிவிட்டால்தான் அது அந்த வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் நாலாயிரத்து எண்ணூறிலேயே சோம்பிக் கிடக்கும். எல்லாரும் மறப்பதுபோல் தாரணியும் மறந்தாள். அந்த இரண்டு வாரமும் ஹாலில் சத்தங்கள் அரை மணி நேரம் முந்தி வந்தன. ஞாபகம் வந்து அவள் ஆறாயிரத்துக்கு முடுக்கிய அன்றிலிருந்து ஒன்பது நாள் முந்தி வர ஆரம்பித்தன. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் போதும், ஒன்பது நாள் கழித்து அந்த ஹாலில் என்னென்ன கேட்குமோ அத்தனையும் இன்றே ஒருமுறை கேட்கும், பிறகு அது அது நடக்கும்போது இன்னொரு முறை கேட்கும். ஹாலில் கேட்பது மட்டும்தான், அடுப்பங்கரைப் பேச்சோ கொல்லைப்புறத்துப் பேச்சோ வராது.

இது எப்படி என்று எங்கள் தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, எங்களுக்கு வேறு வேலை இருந்தது. பெரிய பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார் ஒருவர் மட்டும் வந்து, அப்படியானால் ஒன்பது நாள் கழித்துக் கேட்கப்போகும் அதற்கும் ஒன்பது நாள் கழித்த சத்தமும் இன்றே கேட்க வேண்டுமே என்று கேட்டார். அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். எங்களுக்கு வேண்டியது கரண்ட் எப்போது போகும் என்பதுதான். பாவடித் தெருவில் இருநூறு தறி, அத்தனையும் ஓடும் சத்தம் அர்த்தநாரி வீட்டு ஹாலில் நன்றாகக் கேட்கும், முன்கூட்டி வரும் சத்தத்தில் தறிகள் சட்டென்று அடங்கினால் ஒன்பது நாள் கழித்து அதே நேரத்துக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். தெரிந்தால் தறிகளை முன்னாலேயே பக்குவமாக நிறுத்தலாம், திடீரென்று நின்று துணியில் கோடு விழாது. இதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று தெருக்காரர்கள் கூடிப் பேசி, எதிர்வீட்டில் தனியாகக் குடியிருந்த ராசாமணியை ஹாலில் உட்காரவைத்தார்கள். அவள் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிறவள், மரகதத்தைவிட ஒரு வயது இளையவள், வாய் ஓயாதவள், ஆனால் காது கூர்மை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை சுவரோரம் போட்டுக்கொண்டு, மடியில் தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டு, பென்சிலால் குறித்தபடியே காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

பிறகு வழக்கங்கள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. ஹாலுக்குள் வருகிறவர்கள் வாசற்படியிலேயே தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டும், முன்னால் கேட்கிறவர்களுக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு யாராவது ஒருவர் ஹாலின் நடுவில் நின்று அன்றைய செய்திகளை உரக்கச் சொல்ல வேண்டும், நூல் விலை ஏறியது, இன்னார் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமானது, லாரித் தண்ணீர் வரவில்லை என்று. ஒன்பது நாளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டோம், ஒன்பது நாளுக்குப் பின்னால் போனதும் மறக்காமல் திரும்பச் சொன்னோம். ஓரகத்திகள் இருவர் அடுத்த வாரம் தாங்கள் போடப்போகும் சண்டையைக் கேட்டுவிட்டு அன்றே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அடுத்த வாரம் பேச்சை நிறுத்தியதற்காகச் சண்டை போட்டார்கள். நல்லமுத்து என்று ஒருவர், தன் தம்பியிடம் தானே மன்னிப்புக் கேட்கும் குரலைக் கேட்டுவிட்டு, இனி அர்த்தநாரி வீட்டு வாசலை மிதித்தால் என்னைச் செருப்பால் அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் தெருவில் நடந்துகொண்டிருந்தவரை ஒரு பெருமழை துரத்தி அந்த ஹாலுக்குள்ளேயே தள்ளியது, உள்ளே தம்பி தலை துவட்டிக்கொண்டிருந்தான், இவர் வாய் தானாகத் திறந்து அட்சரம் பிசகாமல் அதைச் சொன்னது. கேட்டது ஒன்றுகூடப் பொய்த்ததில்லை என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஹாலில் மரகதமும் தாரணியும் ராசாமணியும் இருந்தார்கள், அர்த்தநாரி டீ குடிக்க அப்போதுதான் தறிக்குடோனிலிருந்து வந்திருந்தார், அந்த நேரத்தில் மரகதத்தின் குரல் ஹாலில் வீறிட்டு அழுதது. மரகதம் கையில் டம்ளரோடு வாயை மூடி நின்றுகொண்டிருந்தாள். குரல் மட்டும், "போயிட்டியா தங்கம், எங்கூடவே இருந்தியே, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதது. பலபேர் ஓடிவரும் காலடி கேட்டது. யாரோ ஓர் ஆண், "கொட்டுக்காரனுக்குச் சொல்லியாச்சா" என்று கேட்டார். சாவுக்குக் கொட்டு அடிக்க ஆள் சொல்லிவிடுவதைத்தான் அப்படிக் கேட்பார்கள். அதற்கு மேல் அர்த்தநாரி கேட்கவிடவில்லை, பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் பெயர் வந்திருக்கும், அதனால்தான் பிடுங்கினார்.

ராசாமணிதான் முதலில் பேசினாள். "மரகதக்கா, நீ மனசை விட்றாத. எதுன்னாலும் நான் கூட இருக்கறன்" என்று அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அந்த வீட்டில் மூன்று பேர். மரகதம் அழுகிறாள் என்றால் மரகதம் இருக்கிறாள், அப்படியானால் புருஷன் அல்லது மகள். இந்தக் கணக்கைப் போடத் தெருவில் யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. எங்கள் வீடுகளில் அழுகை கேட்கவில்லை என்பதில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. மறுநாளிலிருந்து அந்த வாசலைத் தாண்டும்போது வண்டிகளை உருட்டிக்கொண்டு போனோம். மரகதத்திடம் இரவல் வாங்கிய இட்லிப் பாத்திரத்தை ரெண்டு வருஷம் கழித்து ஒருத்தி துலக்கித் திருப்பிக் கொடுத்தாள். தாரணியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இரண்டு நொடி கூடுதலாகப் பார்த்தார்கள். அவள் சிரித்தால் பாவம் என்றார்கள், சிரிக்காவிட்டால் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்றார்கள்.

வீட்டுக்குள் பயம் இன்னும் கெட்டியாக இருந்தது. அர்த்தநாரி தறிக்குடோனில் எல்லா ஒயரையும் மாற்றினார், மகளை ஸ்கூட்டர் சாவியைத் தொடவிடவில்லை, மாடிப்படியில் அவள் ஏறும்போது பின்னாலேயே ஏறினார். மரகதம் மீன் வாங்குவதை நிறுத்தினாள், கேஸ் சிலிண்டரை வெளியே தூக்கிவைத்துவிட்டு விறகில் சமைத்தாள், தாரணி குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தாள். அர்த்தநாரி மனசுக்குள் நானாக இருக்கட்டும் சாமி என்று வேண்டினார். மரகதமும் அதையே வேண்டினாள், அவராகவே இருக்கட்டும் என்று. வேண்டிவிட்டு அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியாமல் தவித்தாள். இப்படியும் ஒரு பொம்பளை நினைப்பாளா என்று கேட்காதீர்கள், பெற்றவள் நினைப்பாள்.

தாரணியால்தான் தாங்க முடியவில்லை. இரண்டாம் நாளே சொன்னாள்: "யாருன்னு தெரியாம எப்படிப்பா இன்னும் ஒரு வாரம் இருக்கறது? ஆன் பண்ணிக் கேட்டுறலாம்."

"பேரு காதுல விழுந்துருச்சுன்னா அப்பறம் மாத்தறதுக்கில்ல. விழாத வரைக்கும் ஒரு வழி இருக்குது" என்றார் அர்த்தநாரி. நல்லமுத்துவுக்கு நடந்ததை அவர் மறக்கவில்லை.

"சரி, பேரைக் கேக்க வேண்டாம். அதையே தாண்டிப் போயிறலாம். ஆறாயிரத்து நானூறு போட்டா இன்னும் தள்ளிக் கேக்கும். அங்க யார் யார் பேசறாங்கன்னு மட்டும் கேப்போம். மூணு குரலும் கேட்டுச்சுன்னா நம்ம வீட்டுக்கு ஒன்னுமில்ல, அம்மா வேற யாருக்கோ அழுதுருக்காங்கன்னு ஆயிரும்."

"ரெண்டுதான் கேட்டா?"

ஆனால் மூன்று குரல் என்ற அந்த ஆசை ஒருமுறை வீட்டுக்குள் வந்த பிறகு அதை வெளியே தள்ள முடியவில்லை. அன்று மத்தியானமே அர்த்தநாரி ஈரோட்டுக்குப் போய் ஆறாயிரத்து நானூறு வாங்கி வந்தார். பெரிய வேகமெல்லாம் பேருக்குத்தான் என்று இம்தியாஸ் மறுபடியும் சொல்ல, பேருக்குத்தான் தம்பி வேணும் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

தாரணி பழைய பட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டினாள். ஹாலில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். முதலில் தறிச் சத்தம் வந்தது, பிறகு தெருக்கோடிக் கோயில் மைக்கில் யாரோ நாளையும் திதியையும் சொன்னார்கள், ராசாமணி அதைக் காலண்டரில் எண்ணிப் பார்த்து, "நாப்பது நாள் தள்ளியிருக்குது" என்றாள். அப்புறம் அர்த்தநாரியின் இருமல் கேட்டது. மரகதம் சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மரகதத்தின் குரல், "சாப்பிடுங்" என்றது. "பசிக்கல" என்றது அர்த்தநாரியின் குரல். மழை வரும்போல என்றது, வந்தால் நல்லதுதான் என்றது. பேசுவது எதையோ எழுப்பிவிடும் என்று பயப்படுகிறவர்கள் பேசுவதுபோல் இரண்டு குரலும் மெதுவாகப் பேசின. மூன்று நாள் கம்ப்யூட்டரை நிறுத்தாமல், முறை வைத்துக்கொண்டு கேட்டார்கள். வேறு யாரும் பெயர் சொல்லிக்கொண்டு உள்ளே வரவில்லை, ஐந்து மணிச் செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் மரகதத்தின் குரல், "அவ ரூம் கதவ மூடியே வெச்சிருங்" என்றது. தாரணியின் குரல் மட்டும் மூன்று நாளும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தாரணி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "சரி, நான்தான்" என்றாள், விளையாட்டில் ஆட்டமிழந்தவர்கள் சொல்வதுபோல.

மரகதம் அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அழுதால் அந்த அழுகை இதுவாகிவிடுமோ என்று பயந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அர்த்தநாரி கம்ப்யூட்டரை நிறுத்தி மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினார். பிறகு அவர் புத்தியில் ஒன்று பட்டது. அவள் குரல் இந்த ஹாலில்தானே கேட்கவில்லை, அவள் இந்த ஹாலிலேயே இல்லாவிட்டால்? அன்று மாலைக்குள் தாரணியை உடுமலையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். போகும்போது வாசற்படியில் அவள் பழக்கதோஷத்தில், "தாரணி" என்று தன் பெயரைச் சொன்னாள். அதைக் கேட்க உள்ளே யாரும் இல்லை.

ஒன்பதாம் நாள் வந்தது. அர்த்தநாரி கூடவே இருக்கிறேன் என்று உடுமலைக்குப் போய்விட்டார், மகளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். மரகதம் வீட்டில் தனியாக இருக்கக்கூடாது என்று ராசாமணி காலையிலேயே வந்துவிட்டாள், வழக்கமான சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றுவதற்குத் தார் இல்லாமல் சும்மா விரலை உருட்டிக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு இருவரும் டீ குடித்தார்கள். போன் எந்த நிமிஷமும் அடிக்கும் என்று மரகதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு ராசாமணி சட்டென்று நெஞ்சைப் பிடித்தாள், வாய் திறந்து மூடியது, வார்த்தை வரவில்லை, தலை சுவரில் சாய்ந்தது. மரகதம் உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள். பிறகு அவள் வாயிலிருந்து அது வந்தது: போயிட்டியா தங்கம், எங்கூடவே இருந்தியே, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே. நாங்கள் ஓடினோம். கொட்டுக்காரனுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டது நான்தான், கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஹாலில் தினமும் நாலாவதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாற்பது நாள் தள்ளிக் கேட்டபோது ராசாமணியின் குரலும்தான் அங்கே இல்லை, அதை யாரும் கவனிக்கவில்லை, ராசாமணியே கவனிக்கவில்லை. அவளுக்கு மரகதம் அழுத அழுகை இன்றைக்கும் தெருவில் பேச்சு, கூடப் பிறந்தவள்கூட அப்படி அழமாட்டாள் என்பார்கள். அந்த அழுகைக்குள் பாதி சந்தோஷம் என்பது மரகதத்துக்குத் தெரியும். என் மகள் இல்லை, என் மகள் இல்லை என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது, அந்த வெட்கத்தில் இன்னும் அழுதாள்.

மறுநாள் மகளுக்குப் போன் செய்தாள், ஹாலில் நின்று பேசப் பயந்து கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து பேசினாள். "வந்துரு சாமி. கண்டம் கழிஞ்சுபோச்சு."

தாரணி ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா, நாப்பதாம் நாளு என் குரல் அங்க இல்லியே. அதுவும் நாம கேட்டதுதான? நான் இங்கயே இருந்தா ஒன்னும் நடக்காமயே என் குரல் அங்க இல்லாமப் போகும். அங்க வந்துட்டா அது இல்லாமப் போறதுக்கு வேற என்னமோ நடக்கணும்ல?"



நாற்பதாம் நாள் வந்தது. சாப்பிடுங் என்றாள் மரகதம், பசிக்கல என்றார் அர்த்தநாரி, மழை வரும்போல என்றார், வந்தால் நல்லதுதான் என்றாள், இருவராலும் நிறுத்த முடியவில்லை. மூன்றாம் நாள் திறந்து கிடந்த அறையும் மடிப்புக் கலையாத படுக்கையும் கண்ணில் பட்டு அவள் தாங்காமல், அவ ரூம் கதவ மூடியே வெச்சிருங் என்றாள். கேட்டதெல்லாம் முடிந்தது. இனி வரலாமே என்று அன்றே கேட்டாள். "நாம மூணு நாள்தானம்மா கேட்டோம்" என்றாள் தாரணி. "நாலாம் நாளும் என் குரல் இல்லாம இருந்திருந்தா? அதுக்கப்பறமும் இல்லாம இருந்திருந்தா? எனக்குப் பயமா இருக்குது." உடுமலையிலேயே ஒரு மில் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டை விட்டாள். பொங்கலுக்கு வரவில்லை, சித்திரைக்கு வரவில்லை, பெண் பார்க்க வந்தவர்களை உடுமலைக்கே வரச்சொன்னார்கள். உயிரோடு இருக்கும் மகளை ஒரு வருஷமாகத் தன் வீட்டில் பார்க்காதவள் மரகதம். செத்தவளுக்கு வைக்க வேண்டிய இடத்தில் படத்தை வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் அர்த்தநாரி குடோனுக்குப் போனதும், மரகதம் தனியாக பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போனாள். கடைசி வேகம் எதுவோ அதைக் கொடுங்கள் என்று இம்தியாஸிடம் கேட்டாள்.

"எட்டாயிரம் எதுக்குக்கா? உங்க போர்டு தாங்குமான்னே தெரியல. தாங்காட்டி கம்ப்யூட்டர் எந்திரிக்கவே எந்திரிக்காது."

"எந்திரிக்காட்டிக் கொண்டாந்து குடுத்தர்றேன் தம்பி. எப்படி மாட்டறதுன்னு மட்டும் ஒருக்காக் காட்டுங்க."

அவர் காட்டினார். இரண்டு ஓரத்துக் கொக்கியை விலக்கி, பட்டையை நேராக வைத்து, டக்கென்று சத்தம் வரும் வரைக்கும் அழுத்த வேண்டும். எந்த பட்டனை அழுத்தி உள்ளே போய் எதை முடுக்க வேண்டும் என்று துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். "மொத தடவ பத்து நிமிஷம் ஸ்கிரீன் கறுப்பாத்தான் இருக்கும்க்கா, பயந்து அணைச்சுறாதீங்க" என்றார்.

பயப்படாமல் எப்படி இருப்பாள். பெட்ஷீட்டை விலக்கி, பட்டைகளை மாற்றி, காகிதத்தில் எழுதியதையெல்லாம் செய்துவிட்டு, கறுப்புத் திரைக்கு முன்னால் அவள் தரையில் உட்கார்ந்தாள். எத்தனை வருஷம் தள்ளிக் கேட்கப்போகிறதோ தெரியாது, அங்கேயும் தாரணியின் குரல் இல்லாவிட்டால் பிறகு தான் எதற்காகக் காலையில் எழுந்திருப்பது என்பதும் தெரியாது. நிறுத்திவிடலாம் என்று இரண்டுமுறை பிளக்கில் கை வைத்தாள். அப்போது திரையில் வெளிச்சம் வந்தது.

முதலில் தறிச் சத்தம் வரவில்லை. தறிகளே இல்லை போலிருந்தது, தெரு அமைதியாகக் கிடந்தது. நிறையப் பேர் அடக்கமாக மூச்சுவிடும் சத்தம் ஹால் முழுக்க இருந்தது. ஒரு கிழட்டு இருமல் கேட்டது, அர்த்தநாரியின் இருமல்தான், மெலிந்திருந்தது. பிறகு ஒரு பெண்குரல், "அம்மா" என்றது. கொஞ்சம் கனத்த குரல், நடுவயசுக் குரல், ஆனால் எந்தக் கூட்டத்திலும் மரகதம் கண்டுபிடித்துவிடும் குரல். "அம்மா, நான் வந்துட்டம்மா. தாரணி வந்துருக்கறேன். ஒருக்காக் கண்ணத் தொறந்து பாரும்மா." யாரும் பதில் சொல்லவில்லை. "அம்மா" என்று மறுபடியும் கூப்பிட்டது, மறுபடியும் கூப்பிட்டது, பிறகு உடைந்து அழுதது. நடுவில் ஒரு சின்னப் பெண், நாலு வயசு இருக்கும், "அமுச்சி ஏன் எந்திரிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். அம்மாவின் அம்மாவை எங்கள் பக்கம் அமுச்சி என்போம்.

மரகதம் பிளக்கைப் பிடுங்கினாள். அவள் பயந்தாள்தான், தன் சாவைத் தானே கேட்டவள் பயப்படாமல் இருக்க முடியாது, தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு வருஷமாக அழுத்திக்கொண்டிருந்த வேறொன்று விலகிவிட்டிருந்தது. என் மகளுக்கு நடுவயசு வரும், அவளுக்கு ஒரு மகள் இருப்பாள், நான் முன்னால் போவேன். சிரித்தாள், சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். இந்த முறை கொல்லைக்குப் போகவில்லை, ஹாலின் நடுவிலேயே நின்று பேசினாள்.

"சாமி, உன்ற குரலைக் கேட்டுட்டேன். ரொம்ப வருஷம் தள்ளி. இந்த ஹால்ல நின்னு பேசற. உனக்கு ஒரு பொண்ணு இருக்குது, நல்லா வாய் பேசறா. அதுவரைக்கும் உனக்கு ஒன்னும் ஆகாது. நீ வீட்டுக்கு வா."

அந்தப் பக்கம் தாரணி அழுவது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "நெசமாவாம்மா? நான் என்ன பேசினேன்?"

"அம்மா, நான் வந்துட்டேன்னு சொன்ன."

"நீ என்ன சொன்ன?"



"நானா? நான் உள்ள உனக்குச் சோறாக்கிட்டு இருந்திருப்பேன். அடுப்பங்கரைப் பேச்சு ஹாலுக்கு எங்க சாமி கேக்கும்" என்றாள். பிறகு எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று கேட்டாள்.